ஒரு கிலோ தக்காளி என்ன விலை?

ஒரு கிலோ தக்காளி என்ன விலை? மிக எளிய கேள்வியாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால், திருச்சிராப்பள்ளியின் கிழக்குப் பகுதியில், தஞ்சாவூர் சாலையில் இருக்கும் காட்டூரில் நின்றுகொண்டு இக்கேள்வியைக் கேட்டால், ஒரே விடை கிடைக்காது. தெருமுனை மளிகைக் கடையில் ஒரு விலை. வீட்டு வாசலுக்கு வரும் தள்ளுவண்டியில் ஒரு விலை. காந்தி மார்க்கெட்டில் ஒரு விலை. தென்னூர் உழவர் சந்தையில் இன்னொரு விலை. காலையில் ஒன்று, கடை அடைக்கும் நேரத்தில் வேறொன்று. நாட்டுத் தக்காளிக்கு ஒன்று, ஆப்பிள் தக்காளிக்கு மற்றொன்று.

இத்தனை விலைகளில் எது உண்மையான விலை? எல்லாமே உண்மைதான். அப்படியானால், வீட்டுக்குக் காய்கறி வாங்குபவர் எதை நம்பி முடிவு செய்வது? பலரும் தாம் கண்ட விலையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் என்ன நடக்கும்? விலை குறையுமா? இக்கேள்விகளுக்குக் கணிதமும் பொருளாதாரமும் கணிப்பொறியியலும் சேர்ந்து விடை தேடியிருக்கின்றன. அவற்றை இங்கே காண்போம்.

தேடுவதற்கும் ஒரு செலவு

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். செய்தியும் ஒரு பண்டமே. அதைப் பெறுவதற்கும் செலவு உண்டு என்பது அதன் சாரம். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதை நம் தக்காளியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

ஓர் ஊரில் தக்காளியின் விலை கிலோ 30 ரூபாயிலிருந்து 40 ரூபாய் வரை, கடைக்குக் கடை சமமாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு கடையில் மட்டும் கேட்டு வாங்கினால், சராசரியாக 35 ரூபாய் கொடுக்க நேரும். இரண்டு கடைகளில் கேட்டு, குறைந்த விலைக்கு வாங்கினால், சராசரியாக 33 ரூபாய் 33 காசு ஆகும். மூன்று கடைகளில் கேட்டால் 32 ரூபாய் 50 காசு. நான்கு கடைகளில் கேட்டால் 32 ரூபாய்.

இதைக் கவனியுங்கள். இரண்டாவது கடையில் கேட்டதால் 1 ரூபாய் 67 காசு மிச்சமாயிற்று. மூன்றாவது கடையால் மிச்சம் 83 காசு மட்டுமே. நான்காவது கடையால் 50 காசுதான். தேடலின் பலன் படிப்படியாகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் நடக்கும் தூரமும் நேரமும் குறைவதில்லை. ஆகவே ஒரு கட்டத்தில், "போதும், இங்கேயே வாங்கிவிடலாம்" என்று முடிவு செய்கிறோம். அது சோம்பலன்று, கணக்குத்தான்.

காட்டூரிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் கிலோவுக்கு 8 ரூபாய் மிச்சம் என்று கொள்வோம். பஸ்ஸுக்குப் போகவர 20 ரூபாய் ஆகுமானால், 2 கிலோ வாங்குபவருக்கு நஷ்டம். 5 கிலோ வாங்குபவருக்கு லாபம். தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தபோது, பலருடைய இந்தக் கணக்கு மாறியது. ஆயினும் நேரம் என்ற செலவு அப்படியே நிற்கிறது. நாட்கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு அரை நாள் என்பது அரை நாள் கூலி. ஆகவேதான், விலை தேடுவதற்கு நேரமில்லாத ஏழைகளே பல சமயம் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது.

இங்கேதான் விலையைப் பகிர்ந்துகொள்வதன் பயன் தெரிகிறது. ஒரு தெருவில் 30 குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் தான் வாங்கிய ஒரே ஒரு கடையின் விலையை மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். யாரும் கூடுதலாக ஓரடி நடக்காமலே எல்லாருக்கும் 30 விலைகள் தெரிந்துவிடும். தக்காளியை ஒருவருக்குக் கொடுத்தால் நம்மிடம் குறையும். செய்தியைக் கொடுத்தால் குறையாது. ஓர் அகலிலிருந்து இன்னோர் அகலை ஏற்றுவது போன்றது அது.

கரும்பலகையிலிருந்து செல்பேசிக்கு

விலையை ஊரறியச் சொல்வது புதிய பழக்கமன்று. வானொலியும் நாளிதழ்களும் நெடுங்காலமாகச் சந்தை நிலவரம் சொல்லி வந்திருக்கின்றன. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவர்கள் தாமே கொண்டுவந்து விற்கும் இச்சந்தைகளில், அன்றைய விலைகளைப் பலகையில் எழுதி வைப்பது முக்கியமான ஏற்பாடு. மொத்தச் சந்தையின் விலையைக் காலையில் அறிந்து, அதைவிடச் சுமார் 20 சதவிகிதம் கூடுதலாகவும், வெளியே சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவாகவும் இருக்கும்படி விலையை நிர்ணயிப்பது இதன் முறை. உழவருக்கு இடைத்தரகரிடம் கிடைப்பதைவிடக் கூடுதல். வாங்குபவருக்கு வெளிக் கடையைவிடக் குறைவு.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் நாடெங்கும் உள்ள மையங்களிலிருந்து அன்றாடம் விலைகளைத் திரட்டுகிறது. அம்மையங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. முன்பு 22 பண்டங்களின் விலையைத் திரட்டி வந்தார்கள். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேலும் 16 பண்டங்களைச் சேர்த்து 38 ஆக்கினார்கள். வெங்காயம், தக்காளி, பருப்பு ஆகியவற்றின் விலை திடீரென்று ஏறுகிறதா என்று அரசு முன்கூட்டியே அறிய இது உதவுகிறது.

இவையெல்லாம் அரசு செய்வன. பொதுமக்களே செய்வதற்கும் இன்று ஒரு வழி உண்டு. 2012-இல் பிரான்சு நாட்டில் 'ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்னும் அமைப்பு தொடங்கியது. பொட்டலங்களில் அடைத்து விற்கும் உணவுகளில் என்னென்ன சேர்ந்துள்ளன என்ற விவரத்தைத் தன்னார்வலர்கள் இணையத்தில் பதிவு செய்யும் அமைப்பு அது. அதன் கிளையாகப் பின்னர் 'ஓபன் பிரைசஸ்' என்ற விலைப் பதிவேடு தோன்றியது. எந்த நாட்டவரும் தாம் கண்ட விலையை அதில் பதியலாம். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இத்தகைய தளங்களில் முதலில் ஒவ்வொரு விலையையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பின்னர் ஒரு வசதி வந்தது. கடை அலமாரியிலுள்ள விலைச் சீட்டுகளைச் செல்பேசியால் படம் எடுத்து அனுப்பினால் போதும். கணிப்பொறி அப்படத்தில் விலைச் சீட்டுகள் எங்கெங்கே உள்ளன என்று கண்டுபிடித்து, தனித்தனியே வெட்டியெடுத்து, அதிலுள்ள எண்களைப் படித்துச் சொல்லும். மனிதர் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவாகும். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனெனில் கணிப்பொறி சலிப்பின்றிப் படிக்கும். ஆனால் 38-ஐ 88 என்று படித்துவிட்டு வெட்கப்படாது!

ஒரு விலைக்கு ஐந்து அங்கங்கள்

"தக்காளி 32 ரூபாய்" என்று மட்டும் எழுதினால் அது விலைப் பதிவு ஆகாது. ஐந்து விவரங்கள் வேண்டும்.

முதலாவது, எந்தப் பண்டம்? பெரிய வெங்காயம் வேறு, சின்ன வெங்காயம் வேறு. 'அரிசி' என்றால் போதாது; பொன்னியா, இட்லி அரிசியா என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு? நம் ஊரில் கீரையைக் கட்டாகவும், தேங்காயை எண்ணியும், சில காய்களைக் கூறு கட்டியும் விற்கிறார்கள். ஒரு கட்டுக் கீரை ஒரு கடையில் 200 கிராம் இருக்கும். மற்றொன்றில் 350 கிராம் இருக்கும். எடை போடாமல் இவற்றை ஒப்பிட இயலாது.

மூன்றாவது, எந்தக் கடை? நான்காவது, எந்த நாள்? ஐந்தாவது, என்ன சான்று? விலைச் சீட்டின் படமோ, பில்லோ இருந்தால், ஐயம் எழும்போது திரும்பப் பார்க்கலாம். அறிவியல் சோதனையில் நீங்கள் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் இதற்காகத்தானே?

அளவு மாறினால் ஏமாறுவது எளிது. ஒரே பண்டத்தின் மூன்று பொட்டலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் 36 ரூபாய். 400 கிராம் 92 ரூபாய். 1 கிலோ 215 ரூபாய். எது மலிவு? எல்லாவற்றையும் 100 கிராமுக்கு மாற்றுங்கள். முறையே 24 ரூபாய், 23 ரூபாய், 21 ரூபாய் 50 காசு. இதற்கு அலகு விலை என்று பெயர். இங்கே பெரிய பொட்டலம் மலிவு. எப்போதும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வகுத்துப் பார்ப்பதே வழி.

கோடுகளுக்குள் ஒரு காவலாளி

பொட்டலங்களின் மேல் கறுப்புக் கோடுகளும், அவற்றின் கீழே 13 இலக்கங்களும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே பார்கோடு. நம் நாட்டுப் பொட்டலங்கள் பலவற்றில் இது 890 என்று தொடங்கும். எண்ணைப் பதிவு செய்த அமைப்பு இந்தியாவில் உள்ளது என்பதே இதன் பொருள்; பண்டம் இந்தியாவில் விளைந்தது என்பதன்று.

இந்த 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. மற்ற 12 இலக்கங்களில் தவறு நேர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும். எப்படி? 8901234567890 என்ற எண்ணை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களில், ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை 8, 0, 2, 4, 6, 8. இவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 9, 1, 3, 5, 7, 9. கூட்டுத்தொகை 34, அதை 3-ஆல் பெருக்கினால் 102. இரண்டையும் கூட்டினால் 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு சேர்க்க வேண்டும்? 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே 0. அதுவே கடைசி இலக்கம்.

இப்போது யாரோ அவசரத்தில் மூன்றாவது, நான்காவது இலக்கங்களை இடம் மாற்றி 8910... என்று எழுதிவிட்டார் என்று கொள்வோம். ஒற்றை இடங்களின் தொகை 29. இரட்டை இடங்களின் தொகை 33, மும்மடங்கு 99. மொத்தம் 128. கடைசி இலக்கம் 2 ஆக இருந்திருக்க வேண்டும். ஆனால் 0 இருக்கிறது. உடனே கணிப்பொறி, "எண்ணில் பிழை" என்று நிறுத்திவிடும்.

அடுத்தடுத்து உள்ள இரண்டு இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருந்தால் மட்டும், அவை இடம் மாறினாலும் இக்காவலாளி கண்டுபிடிக்க மாட்டார். காரணம் என்ன? நீங்களே 2, 7 என்ற இலக்கங்களை அடுத்தடுத்து வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

தள்ளுவண்டித் தக்காளிக்குப் பார்கோடு கிடையாது. ஆகவே நம் நாட்டில் காய், கீரை, மீன் ஆகியவற்றின் விலையைத் திரட்டுவது, பொட்டலங்களின் விலையைத் திரட்டுவதைவிடக் கடினம். அங்கே மனிதரின் கண்ணும் நேர்மையுமே துணை.

ஒரு பூஜ்யம் செய்யும் கலகம்

ஒரே நாளில் ஏழு பேர் தக்காளி விலையைப் பதிகிறார்கள். 28, 30, 30, 32, 34, 35, 320. கடைசியானவர் 32 என்று எழுத நினைத்து, ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டார். ஏழு எண்களின் கூட்டுத்தொகை 509. சராசரி 72 ரூபாய் 71 காசு! அந்த விலைக்கு யாருமே தக்காளி வாங்கவில்லை. ஒருவரின் தவறு மற்ற ஆறு பேரின் உண்மையையும் விழுங்கிவிட்டது.

இதற்கு மாற்று என்ன? எண்களை ஏறுவரிசையில் எழுதி, நடுவில் உள்ளதை எடுங்கள். இங்கே நான்காவது எண் 32. இதை இடைநிலை அளவு என்பர். பிழையைத் திருத்தி 32 என்று எழுதினாலும் இடைநிலை அளவு 32-தான். ஓர் எண் தறிகெட்டுப் போனாலும் நடு எண் எளிதில் அசையாது. அதனால்தான் பலர் சேர்ந்து தரும் விவரங்களுக்கு இடைநிலை அளவு ஏற்றது.

அப்படியானால், வழக்கத்துக்கு மாறான எண்களையெல்லாம் கணிப்பொறியைக் கொண்டு தள்ளிவிடலாமா? கூடாது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி விலை உண்மையிலேயே கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு சென்னையில் நியாய விலைக் கடைகள் மூலம் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த வாரத்தில் "இவ்வளவு விலை இருக்க முடியாது" என்று ஒரு பதிவேடு உயர்ந்த விலைகளையெல்லாம் ஒதுக்கியிருந்தால், மக்கள் பட்ட துன்பமே அதன் கணக்கில் வந்திராது. ஒரே ஒருவர் மட்டும் சொல்லும் வினோத விலை பிழையாக இருக்கலாம். பல கடைகளிலிருந்து பலர் சொல்லும் வினோத விலை செய்தி. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே சான்றும் ஒப்பீடும் வேண்டும்.

பையில் உள்ள பண்டங்களைச் சேர்த்து

தனித்தனி விலை தெரிந்துவிட்டது. "மொத்தத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்ற கேள்விக்கு எப்படி விடை காண்பது? ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைக் கற்பனை செய்வோம்.

சென்ற ஆண்டு: அரிசி 25 கிலோ, கிலோ 50 ரூபாய், தக்காளி 8 கிலோ, கிலோ 30 ரூபாய், பால் 30 லிட்டர், லிட்டர் 44 ரூபாய், எண்ணெய் 2 லிட்டர், லிட்டர் 150 ரூபாய். மொத்தச் செலவு 3,110 ரூபாய்.

இவ்வாண்டு: அரிசி 54, தக்காளி 45, பால் 44, எண்ணெய் 144 ரூபாய். அதே அளவு பண்டங்களை வாங்கினால் செலவு 3,318 ரூபாய்.

தக்காளி 50 சதவிகிதம் ஏறியது, அரிசி 8 சதவிகிதம் ஏறியது, பால் ஏறவில்லை, எண்ணெய் 4 சதவிகிதம் இறங்கியது. இந்நான்கையும் வெறுமனே சராசரி எடுத்தால் 13.5 சதவிகிதம் வரும். ஆனால் குடும்பத்தின் செலவு 3,110-லிருந்து 3,318 ஆகத்தானே ஏறியது? அதாவது சுமார் 6.7 சதவிகிதம். ஏன் இந்த வேறுபாடு? தக்காளியின் விலை ஏற்றம் பெரிது. ஆனால் செலவில் அதன் பங்கு சிறிது. அரிசியின் ஏற்றம் சிறிது, பங்கு பெரிது. ஆகவே ஒவ்வொரு பண்டத்துக்கும் அதன் பங்குக்கு ஏற்ற எடை கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டின் செலவை 100 என்று கொண்டால் இவ்வாண்டின் குறியெண் 106.7.

பழைய அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கிடும் இம்முறையை 1871-இல் ஜெர்மானியரான எட்டியன் லாஸ்பெயர் வெளியிட்டார். புதிய அளவுகளை வைத்துக் கணக்கிடும் முறையை 1874-இல் ஹெர்மன் பாஷே கூறினார். தக்காளி விலை ஏறினால் நாம் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டுகிறோம் அல்லவா? அந்த மாற்றம் முதல் முறையில் வராது, இரண்டாவதில் வரும்.

நம் நாட்டின் நுகர்வோர் விலைக் குறியெண்ணும் இவ்வகைக் கணக்கே. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், 1,114 நகர்ப்புறச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலைகள் திரட்டப்பட்டன. அவ்வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்ந்து கொடுக்கப்பட்ட எடை 100-க்கு ஏறத்தாழ 46.

இந்த எண் யாருக்கு வேண்டும் என்று கேட்கிறீர்களா? காட்டூரை அடுத்த திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை இருக்கிறது. அதைப் போன்ற பொதுத்துறை நிறுவன ஊழியர்களின் பஞ்சப்படி, தொழிலாளர்களுக்கான விலைக் குறியெண்ணை ஒட்டியே மாறுகிறது. எங்கோ ஒரு கடையில் ஒருவர் கேட்டு எழுதிய பருப்பு விலை, நூற்றுக்கணக்கான பிற விலைகளுடன் சேர்ந்து, உங்கள் நண்பனின் தந்தை வாங்கும் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. தவறான விலை எழுதினால் யாருக்கோ நியாயமாக வர வேண்டிய பணம் வராமல் போகும்.

விலையைச் சொன்னால் விலை குறையுமா?

இனி மிக முக்கியமான கேள்விக்கு வருவோம். விலைகள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் விலை குறையுமா? மூன்று நாடுகளில் நடந்தவற்றைப் பாருங்கள்.

முதலில் நம் அண்டை மாநிலமான கேரளம். 1997-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், வடகரையில் 11 மீனவர்கள் தம் மீனை வாங்க ஆளின்றித் தவித்தார்கள். அதே நேரத்தில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது. அந்த ஆண்டு முதல் வடகேரளக் கடற்கரையில் படிப்படியாகச் செல்பேசி வந்தது. மீனவர்கள் கடலிலிருந்தே பல கரைகளின் விலையைக் கேட்டறிந்து, எங்கே தேவையோ அங்கே படகைத் திருப்பினார்கள். இதை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் 2007-இல் முடிவுகளை வெளியிட்டார். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. மீனவரின் லாபம் சுமார் 8 சதவிகிதம் கூடியது. வாங்குவோர் கொடுத்த விலை சுமார் 4 சதவிகிதம் குறைந்தது. விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் நன்மை! வீணாகிய மீன்தான் அந்த லாபமாக மாறியது.

இரண்டாவது, இஸ்ரேல். 2015-ஆம் ஆண்டு முதல் அங்கே பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனங்கள் தம் விலைகள் அனைத்தையும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆராய்ந்தவர்கள், விலைகள் 4 முதல் 5 சதவிகிதம் வரை குறைந்ததாகக் கண்டார்கள்.

மூன்றாவது, டென்மார்க். 1993-இல் அந்நாட்டு அரசு அமைப்பு ஒன்று, கட்டட வேலைக்கான கலவைக் கான்கிரீட்டை நிறுவனங்கள் உண்மையில் என்ன விலைக்கு விற்றன என்பதை வெளியிடத் தொடங்கியது. போட்டி பெருகி விலை குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவிகிதம் வரை ஏறிவிட்டது!

ஏன் இப்படி? விற்பவர்கள் சிலரே இருந்தார்கள். அதுவரை ஒவ்வொருவரும் வாடிக்கையாளருக்கு இரகசியமாகத் தள்ளுபடி கொடுத்து வந்தார்கள். விலைகள் வெளியானதும், "நான் குறைத்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், அவரும் குறைப்பார், இருவருக்கும் நஷ்டம். ஆகவே இருவருமே குறைக்காமல் இருப்போம்" என்று பேசாமலே ஓர் உடன்பாடு உண்டாகிவிட்டது.

ஆகவே, "விலையை வெளியிடுவது நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. விற்பவர்கள் எத்தனை பேர்? அந்தச் செய்தி யாருக்குப் புதிது, வாங்குபவருக்கா, விற்பவருக்கா? இவற்றைக் கேட்க வேண்டும். வாங்குவோர் அறியாமல் இருந்த இடத்தில் வெளிச்சம் அவர்களுக்கு உதவும். விற்போர் ஒருவரையொருவர் அறியாமல் இருந்த இடத்தில் அதே வெளிச்சம் அவர்களைக் கைகோக்க வைக்கும். இரண்டே இரண்டு மளிகைக் கடைகள் உள்ள சிற்றூரில் விலைப் பதிவேடு எப்படி வேலை செய்யும்? காந்தி மார்க்கெட் போன்ற பெரிய சந்தையில் எப்படி வேலை செய்யும்? சிந்தித்துப் பாருங்கள்.

விலையில் அடங்காதவை

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தெருமுனைக் கடைக்காரர் கிலோவுக்கு 3 ரூபாய் கூடுதலாக வாங்கலாம். ஆனால் மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு கடனாகக் கொடுப்பவரும் அவரே. தள்ளுவண்டிக்காரர் வெயிலில் வீட்டு வாசலுக்கு வருகிறார். முதியோருக்கு அதுவே பெரிய உதவி. விலைப் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. எனவே ஒரு கடையின் விலை கூடுதல் என்று எழுதுவது, அக்கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்வதாகாது.

பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் வாங்கினால் மட்டும் அது விதிமீறல். அந்த விலையில் எல்லா வரிகளும் அடக்கம். இதுபற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அச்சிட்ட விலைக்குக் குறைவாக விற்கத் தடையில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் பத்துப் பேர் சேருங்கள். அரிசி, துவரம் பருப்பு, தக்காளி, பெரிய வெங்காயம், தேங்காய் என ஐந்து பண்டங்களைத் தேர்ந்தெடுங்கள். எந்த வகை, எவ்வளவு எடை என்பதை முன்கூட்டியே எழுதி முடிவு செய்யுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் தம் வீட்டார் வாங்கும் கடையின் விலையைக் குறியுங்கள். படம் எடுப்பதானால் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். பில்லில் பெயரோ தொலைபேசி எண்ணோ இருந்தால் மறைத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பண்டத்துக்கும் சராசரி, இடைநிலை அளவு இரண்டையும் காணுங்கள். அவை வெகுவாக வேறுபட்டால், ஏன் என்று தேடுங்கள். எட்டு வாரம் தொடர்ந்து செய்து, வரைபடத் தாளில் குறியுங்கள். முதல் வாரத்தை 100 என்று வைத்து உங்கள் ஊரின் குறியெண்ணைக் கணக்கிடுங்கள்.

ஓர் இடையூறு வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். முதல் வாரம் பத்துப் பேரும் விலை கொண்டுவருவார்கள். நான்காவது வாரம் ஆறு பேர் கொண்டுவருவார்கள். பட்டியலைப் பார்க்க மட்டும் பத்துப் பேரும் வருவார்கள்! பொதுக் கிணற்றில் நீர் இறைக்க எல்லாரும் வருவதும், தூர் வாரச் சிலரே வருவதும் போல, மக்கள் சேர்ந்து நடத்தும் எல்லாப் பதிவேடுகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. படம் எடுத்தாலே விலை பதியும் வசதிகளையெல்லாம் உருவாக்குவது, எழுதும் வேலையைச் சுலபமாக்கி இத்தொல்லையைக் குறைக்கத்தான். உங்கள் வகுப்பில் அதை எப்படிக் குறைப்பீர்கள்? அந்த வழியையும் உங்கள் குறிப்பேட்டில் விலைகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.